வாஷிங்டன் சுந்தரை எப்படி நிறுப்பது?

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பந்து என்றால் கால்பந்துதான். பெரியவர்கள் இன்றும் வாய் நிறையச் சொல்லும் பெயர் கோல்கீப்பர் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம். கிரிக்கெட் எங்களுக்குத் தொலைக்காட்சி வழியாக வந்த ஆட்டம். இந்திய அணியில் நம் பிள்ளை யார் இருக்கிறான் என்று தேடிப் பார்க்கும் ஆசையில் ஒட்டிக்கொண்டது. 2024 டிசம்பரில் அஸ்வின் ஓய்வுபெற்ற பிறகு அந்தத் தேடல் வாஷிங்டன் சுந்தரிடம் வந்து நிற்கிறது. ரிங்லெட் கடைத்தெருவில் அவர் பேச்சை எடுத்தால் போதும், “நல்லா ஆடுவான்தான், ஆனா ஒடம்பு நிக்காதே” என்று யாராவது முடித்துவிடுவார்கள். அந்த ‘ஆனா’வோடுதான் எனக்கு வழக்கு.

முதலில் பந்துவீச்சு. 2024 அக்டோபர், புனே டெஸ்ட், எதிரில் நியூசிலாந்து. மூன்றரை ஆண்டுகளாக டெஸ்ட் ஆடாதவரைத் திடீரென்று கூப்பிட்டு இறக்கினார்கள். ரச்சின் ரவீந்திரா 65 ஓட்டங்களில் நிலைத்து நிற்கிறார். சுந்தரின் பந்து காற்றில் அவர் பக்கமாக மிதந்து உள்ளே வருகிறது. ரச்சின் அந்தக் கோட்டை நம்பி மட்டையைக் கொண்டுபோகிறார். தரையில் பட்டதும் பந்து எதிர்ப்பக்கம் திரும்பி, மட்டை விளிம்பைத் தாண்டி ஆஃப் ஸ்டம்பைத் தட்டுகிறது. இடக்கை ஆட்டக்காரருக்கு ஆஃப் ஸ்பின்னர் வீசக்கூடிய மிக அழகான பந்து இதுதான். ஆறடிக்கு மேல் உயரம், மேலிருந்து இறங்கும் கை, அளவான வேகம். ஆட்டக்காரர் முன்னே வருவதா பின்னே போவதா என்று யோசித்து முடிப்பதற்குள் பந்து வந்து சேர்ந்துவிடும். அன்று 59 ஓட்டங்களுக்கு 7 விக்கெட். அதில் ஐந்து பேர் ஸ்டம்ப் பறிகொடுத்தவர்கள். மீதி மூன்று விக்கெட்டும் அஸ்வினுக்கு. பத்து விக்கெட்டையும் தமிழ்நாட்டின் இரண்டு ஆஃப் ஸ்பின்னர்களே எடுத்த அந்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இரண்டாவது இன்னிங்ஸில் இன்னும் நான்கு விக்கெட் எடுத்தார். இந்தியா தோற்றது வேறு கதை.

2025 ஜூலையில் இங்கிலாந்துக்கு எதிராக லார்ட்ஸ் மைதானத்தில் 22 ஓட்டங்களுக்கு 4 விக்கெட் எடுத்தபோதும் அதே கைதான். ரூட், ஜேமி ஸ்மித், ஸ்டோக்ஸ், பஷீர் நால்வருமே போல்டு. ஸ்டம்பைக் குறிவைத்து வீசுவதற்குத் துணிச்சல் வேண்டும். தப்பினால் அடி விழும். தற்காப்புக்காக அணியில் சேர்த்துக்கொள்ளப்பட்ட பந்துவீச்சாளர் இப்படி வீச மாட்டார்.

மட்டைக்கு வருவோம். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் நகரின் காபா மைதானத்தில் அவருக்கு முதல் டெஸ்ட். காயப்பட்டு விழுந்தவர்களின் இடத்தை நிரப்பக் கிடைத்த வாய்ப்பு அது. ஸ்டீவ் ஸ்மித்தை முதல் விக்கெட்டாக எடுத்தவர், இந்தியா 6 விக்கெட்டுக்கு 186 என்று தவித்தபோது ஷார்துல் தாக்கூருடன் சேர்ந்து 123 ஓட்டங்கள் கட்டினார். அவர் பங்கு 62. கடைசி நாள் துரத்தலில் கம்மின்ஸ் பந்தை ஹூக் செய்து சிக்ஸர் அடித்தார். அந்த ஒரு அடி ஆஸ்திரேலியர்களின் தோள்களைத் தொங்கவைத்தது.

ஆனாலும் என் மனதில் உயர்ந்து நிற்பது 2025-இல் ஓல்ட் டிராஃபோர்டில் அடித்த 101. பூஜ்ஜியத்துக்கு இரண்டு விக்கெட் போன இன்னிங்ஸ் அது. ரிஷப் பந்த்தின் கால் முறிந்திருந்ததால் ஐந்தாவதாக இறங்கி, 206 பந்துகள் ஆடி, ஜடேஜாவுடன் பிரியாமல் 203 சேர்த்து ஆட்டத்தைச் சமன் செய்தார். இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. எழுந்து போக மனம் வரவில்லை. முன்காலில் வந்து பந்தைத் தலைக்கு நேர் கீழே வைத்துத் தடுக்கும் அந்த ஒரு அசைவைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். மட்டையில் அவசரம் இல்லை, மணிக்கட்டில் இறுக்கம் இல்லை. அடுத்த டெஸ்டில், ஓவல் மைதானத்தில், அதே ஆள் 46 பந்தில் 53. கடைசி விக்கெட்டுக்குப் பிரசித் கிருஷ்ணாவை எதிர்முனையில் நிறுத்திவைத்து 39 ஓட்டங்கள். இந்தியா வென்றதோ வெறும் 6 ஓட்டத்தில்.

இப்போது காயங்கள். 2018-இல் அயர்லாந்தில் பயிற்சியின்போது கால்பந்து ஆடிக் கணுக்கால் போனது. 2021-இல் டர்ஹமில் பயிற்சி ஆட்டத்தில் எதிரணியான கவுண்டி அணிக்கு ஆள் குறைய, அவர்களுக்காக ஆடப் போய் சிராஜ் பந்தில் விரல் உடைந்தது. 2022-இல் லங்காஷயருக்காகக் களத்தில் விழுந்து தோள்பட்டை. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தொடைப் பின்தசை. 2026 ஜனவரியில் வதோதராவில் விலா. ஒரே மூட்டையாகக் கட்டினால் பயமாகத்தான் இருக்கும். பிரித்துப் பாருங்கள். விரலும் தோளும் கணுக்காலும் விபத்து, யாருக்கும் நேரும். தசைப்பிடிப்பும் விலாவும்தான் உடம்பின் பளு பற்றிய கேள்வி. அதற்கு ஓய்வும் பயிற்சித் திட்டமும் வழி செய்யும். மந்திரம் வேண்டாம்.

காயத்துக்காக ஓர் ஆளை ஒதுக்கலாமா என்பதற்கு வேறொரு ஆட்டத்திலிருந்து ஓர் உதாரணம். அமெரிக்கக் கால்பந்தில் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி என்றொரு ரன்னிங் பேக். பந்தைச் சுமந்துகொண்டு ஓடுவார், எறியப்படும் பந்தையும் பிடிப்பார். 2019-இல் இரண்டு வேலையிலும் தலா ஆயிரம் யார்டு தாண்டினார். அவருக்கு முன் அதைச் செய்தவர்கள் இருவரே. அடுத்த ஆண்டு மூன்றே ஆட்டம், அதற்கடுத்த ஆண்டு ஏழு. உடைந்த பொருள் என்று பலர் ஒதுக்கினார்கள். சான் பிரான்சிஸ்கோ அணி 2022-இல் அவரை வாங்கியது. 2023-இல் ஆண்டின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருது அவருக்கு. மறு ஆண்டே மறுபடி காயம், நான்கே ஆட்டம். இத்தனை தெரிந்தும் அவரை வைத்துக்கொள்ள அந்த அணி தயாராக இருந்தது. ஒரே ஆள் இரண்டு ஆளின் வேலையைச் செய்யும்போது எதிரணிக்கு என்ன வரப்போகிறது என்று ஊகிக்க முடியாது. அந்தப் பயன் எந்தப் பட்டியலிலும் தனி வரியாக ஏறாது.

எங்கள் தோட்டத்து நிறுவையிலும் இதே குறை உண்டு. கூடையைத் தராசில் வைத்தால் கிலோ தெரியும். அதில் இரண்டு இலை ஒரு மொட்டு எத்தனை, முற்றிய இலை எத்தனை என்று முள் சொல்லாது. அது தெரிய, கணக்குப் பார்க்கும் கிராணி கூடைக்குள் கைவிட்டுப் பார்க்க வேண்டும். புனேயில் 11 விக்கெட் எடுத்த மறுமாதமே ஐபிஎல் ஏலத்தில் சுந்தருக்குக் கிடைத்தது 3.20 கோடி. 2022-இல் 8.75 கோடிக்குப் போனவர். முள்ளை மட்டும் பார்த்து எழுதிய விலை என்றே இதைச் சொல்வேன்.

பலதிறன் படைத்தவனுக்கு இன்னொரு ஆபத்து, அவனை எங்கேயும் செருகலாம் என்று நினைப்பது. 2025 நவம்பரில் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அவரை மூன்றாவதாக இறக்கினார்கள். 93-க்குச் சுருண்ட இன்னிங்ஸில் அவருடைய 31-தான் அதிகம். அடுத்த டெஸ்டில் எட்டாவதாக அனுப்பி, அங்கே 48. எங்கே போட்டாலும் முளைக்கிறார் என்பதற்காக இடம் மாற்றிக்கொண்டே இருப்பது நியாயமில்லை. காயத்தைவிட இதுதான் அவரை அதிகம் வீணாக்கும் என்று எனக்குப் படுகிறது.

என் தீர்ப்பு இது: டெஸ்டில் ஆறு அல்லது ஏழாம் இடம் அவருக்கு நிரந்தரம், முதல் ஆஃப் ஸ்பின்னரும் அவரே. அதற்காக ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்களில் சிலவற்றை விட்டுக்கொடுத்து உடம்பைக் காக்கலாம். ஆண்டுக்கு ஐந்து டெஸ்ட்தான் கிடைப்பார் என்றாலும் அந்த ஐந்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த முறை அவர் பந்து வீச வரும்போது எண்களை மறைத்துவிட்டு, பந்து காற்றில் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள்.