பழையது எனப்பட்ட உடன்படிக்கை: எரேமியா 31:31–34இன் கிறித்தவ வாசிப்புகளும் யூதமும்

முன்னுரை

'புதிய உடன்படிக்கை' என்னும் தொடர் எபிரேய விவிலியத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அது எரேமியா 31:31. கிறித்தவ மறைநூலின் இரு பகுதிகள் 'பழைய ஏற்பாடு' என்றும் 'புதிய ஏற்பாடு' என்றும் பெயர் பெற்றதற்கு இத்தொடரே வேர். கடவுள் யூதரோடு செய்த உடன்படிக்கை முடிவுற்றது, அதன் வாக்குறுதிகள் திருச்சபைக்கு உரியவாயின என்னும் கருத்தும் இப்பகுதியைச் சான்றாகக் காட்டியே பல நூற்றாண்டுகள் நிலைபெற்றது. இறையியலில் இது பதிலீட்டுக் கோட்பாடு எனப்படும். எரேமியாவின் பகுதி இக்கோட்பாட்டிற்கு இடந்தருகிறதா என்பதையும், அதனை மறுத்து எழுந்த வாசிப்புகளேனும் யூதத்தை அதன் இயல்பில் காண்கின்றனவா என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எரேமியாவின் சொற்களும் எல்லையும்

பாபிலோனியர் எருசலேமை வீழ்த்திய கி.மு. ஆறாம் நூற்றாண்டுச் சூழலோடு தொடர்புடையது இவ்வாக்குறுதி. இதில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, உடன்படிக்கையின் மறுதரப்பு யார் என்பது வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது: இஸ்ரயேல் வீட்டாரும் யூதா வீட்டாருமே அவர்கள். இரண்டாவது, உள்ளத்தில் எழுதப்படவிருப்பது வேறொரு சட்டமன்று. கடவுள் 'என் தோரா' எனக் குறிக்கும் சட்டமே அது. புதுமை சட்டத்தின் பொருளில் இல்லை. அது பதியும் இடத்தில் இருக்கிறது. மூன்றாவது, வாக்குறுதி 34ஆம் வசனத்தோடு நின்றுவிடவில்லை. கதிரவன், நிலவு, விண்மீன்கள் ஆகியவற்றின் ஒழுங்கு நிலைக்கும் வரை இஸ்ரயேலின் வழிமரபு கடவுள்முன் ஓர் இனமாக நிலைத்திருக்கும் என்னும் உறுதிமொழி 35 முதல் 37 வரையிலான வசனங்களில் தொடர்கிறது. பதிலீட்டுக் கோட்பாட்டிற்கு நேர்மாறான இவ்வுறுதிமொழி, அக்கோட்பாட்டினர் சான்றாகக் கொண்ட பகுதியின் அடுத்த வரியிலேயே நிற்கிறது.

எபிரேயர் திருமுகத்தின் வாசிப்பு

எபிரேயர் திருமுகத்தின் எட்டாம் அதிகாரம் எரேமியாவின் இப்பகுதியை நீளமாக எடுத்தாள்கிறது. ஆயினும் 34ஆம் வசனத்தில் நிறுத்திக்கொள்கிறது. எடுத்தாளப்படும் பாடமும் எபிரேய மூலமன்று. அது கிரேக்க மொழிபெயர்ப்பைத் தழுவியது. மக்கள் உடன்படிக்கையை மீறியபோது கடவுள் அவர்களுக்குக் கணவராக, தலைவராக இருந்தார் என்பது எபிரேயப் பாடம். அவர்களை அவர் பொருட்படுத்தாது விட்டார் என்பது கிரேக்கப் பாடம். மனைவியின் பிழையால் வருந்தும் கணவனின் குரல் கைவிட்டவனின் குரலாக மாறிவிடுவதைக் காணலாம். ஒரே வசனத்தின் இவ்வேறுபாடு பிற்கால இறையியலில் பெரும் விளைவை உண்டாக்கியது.

எனினும், திருமுகத்தையே பதிலீட்டுக் கோட்பாட்டின் ஊற்றாகக் கொள்வது பொருந்தாது. அதன் வாதம் குருத்துவம், திருஉறைவிடம், பலி ஆகிய வழிபாட்டு அமைப்புகளைச் சுற்றியே நிகழ்கிறது. யூதரை நீக்கிப் பிற இனத்தாரை அவ்விடத்தில் அமர்த்தும் பேச்சு அதில் இல்லை. எட்டாம் அதிகாரத்தின் இறுதி வசனம் முந்தியது பழையதாகி மறையும் நிலையில் உள்ளது என்கிறது. அங்கே பழையதாவது ஒரு வழிபாட்டு ஒழுங்கு. ஒரு மக்களினம் அன்று. யூத மரபுக்குள் நின்று யூத நூல்களைக் கொண்டு நடத்தப்பட்ட வாதம், அம்மரபுக்கு வெளியே நின்றவர்களின் கைக்குச் சென்றபோதே வேறு பொருள் கொண்டது.

பவுலின் வாதமும் அதன் பணயமும்

பவுலின் எழுத்துகளில் இருவேறு போக்குகள் உண்டு. கலாத்தியர் திருமுகத்தின் ஆகார்–சாரா உருவகமும், 2 கொரிந்தியர் மூன்றாம் அதிகாரத்தின் முகத்திரை உருவகமும் பதிலீட்டாளர்க்குத் துணைநின்றன. உரோமையர் 9 முதல் 11 வரையிலான அதிகாரங்களோ வேறு திசையில் செல்கின்றன. உடன்படிக்கைகளும் வாக்குறுதிகளும் இஸ்ரயேலர்க்கு உரியவை என அங்கு ஒத்துக்கொள்ளப்படுகிறது. பிற இனத்தார் ஒலிவ மரத்தில் ஒட்டப்பட்ட காட்டுக் கிளைகள். வேரைத் தாங்குபவை அல்ல, வேரால் தாங்கப்படுபவை. கடவுளின் கொடைகளும் அழைப்பும் திரும்பப் பெறப்படாதவை என்பது 11:29இன் கருத்து.

இங்குதான் இச்சிக்கலின் உண்மையான பணயம் தெரிகிறது. ஆபிரகாமுக்கு அளித்த வாக்கைக் கடவுள் அவன் வழிமரபின் தவறு கண்டு விலக்கிக்கொள்வார் எனில், திருச்சபைக்கு அளித்த வாக்கும் அவ்வாறே விலக்கிக்கொள்ளத்தக்கதாகும். யூதரைத் தள்ளுபடி செய்யும் வாசிப்பு, தான் நிற்கும் அடித்தளத்தையும் சேர்த்தே பெயர்க்கிறது. பவுல் வாதிடுவது யூதர்மீது கொண்ட இரக்கத்தால் மட்டுமன்று. வாக்குத் தந்தவரின் வாய்மையை முன்னிறுத்தியே அவர் வாதிடுகிறார்.

பதிலீடு கோட்பாடாதல்

இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யுஸ்தீன் எழுதிய 'திரிபோவுடன் உரையாடல்' எரேமியாவின் இப்பகுதியை ஆண்டு, பிந்திய உடன்படிக்கை முந்தியதை நீக்குகிறது என வாதிட்டது. கிறித்தவரே மெய்யான இஸ்ரயேல் என்றும் உரைத்தது. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் 'கடவுளின் நகர'த்தில் வேறொரு நிலையை முன்வைத்தார்: யூதர் கொல்லப்படலாகாது, உலகெங்கும் சிதறி வாழும் அவர்கள் தம் நூல்களால் கிறித்தவ நம்பிக்கைக்குச் சான்று பகர்பவர்கள். இக்கருத்து அவர்களின் உயிருக்குக் காப்பளித்தது. ஆனால் அவர்தம் வாழ்வுக்குத் தனக்கென ஒரு பொருளை அளிக்கவில்லை.

கெண்டால் சூலென் 1996இல் வெளியிட்ட 'இஸ்ரயேலின் கடவுளும் கிறித்தவ இறையியலும்' என்னும் நூல் பதிலீட்டை மூவகையாகப் பகுத்தது. இஸ்ரயேலின் பணி முடிந்தது என்பது ஒன்று. இஸ்ரயேல் தண்டனையாகத் தள்ளப்பட்டது என்பது மற்றொன்று. படைப்பு, வீழ்ச்சி, மீட்பு எனக் கதையை அமைத்து இஸ்ரயேலின் வரலாற்றையே தாண்டிச்செல்வது மூன்றாவது. முதல் இரண்டையும் கண்டிப்போர் பலர். மூன்றாவது வகையோ, அவ்வாறு கண்டிப்போரின் எழுத்திலும் தங்கிவிடக் கூடியது.

மறுவாசிப்புகளும் அவற்றின் குறையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் டார்பி வகுத்ததும், 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கவுரை விவிலியத்தால் பரவியதுமான காலப்பிரிவுக் கோட்பாடு, வாக்குறுதிகள் இஸ்ரயேலுக்கே உரியவை என்றது. பதிலீட்டின் மறுப்பாகத் தோன்றினும், இதில் யூதர் இறுதிக்கால நிகழ்வுகளின் அட்டவணையில் ஓர் இடத்தையே பெறுகின்றனர். அகுஸ்தீனிடம் கடந்தகாலத்தின் சான்றாளராக இருந்தவர்கள் இங்கு எதிர்காலத்தின் அறிகுறியாகின்றனர். நிகழ்காலம் இருவரிடமும் வெறுமையாகவே உள்ளது.

யூத இனப்படுகொலைக்குப் பின் மாற்றம் ஆழமானது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'நோஸ்திரா எத்தாத்தே' உரோமையர் 11ஆம் அதிகாரத்தை மையமாக்கி, யூதரைக் கடவுளால் சபிக்கப்பட்டவராகக் காட்டலாகாது என்றது. 1980இல் ஜெர்மனியின் ரைன்லாந்து சீர்திருத்தச் சபைப் பேரவை இஸ்ரயேலின் தேர்வு தொடர்வதை அறிக்கையிட்டது. அவ்வாண்டிலேயே மைன்ஸ் நகரில் இரண்டாம் யோவான் பவுல், பழைய உடன்படிக்கை கடவுளால் ஒருபோதும் நீக்கப்படாதது என்றார். 2015இல் வந்த வத்திக்கான் ஆவணம், மீட்புக்கு இரு இணைவழிகள் இல்லை எனவும், யூதர் மீட்பில் பங்குபெறுவோர் எனவும் ஒருங்கே கூறி, இவ்விரண்டும் பொருந்தும் விதத்தைக் கடவுளின் மறைபொருள் என விட்டுவிடுகிறது. இது தெளிவின்மை எனக் குறைகூறத்தக்கதே. எனினும் பவுலும் 11ஆம் அதிகாரத்தை விடையோடு முடிக்கவில்லை; கடவுளின் அறிவாழத்தை வியந்தே முடிக்கிறார். விடையிறுக்க இயலாத இடத்தில் தீர்ப்பு வழங்காது நிற்பது நேர்மையான நிலையே.

எஞ்சும் குறை வேறு. இவ்வாவணங்கள் யூதரைப் பற்றிப் பேசுமளவிற்கு, யூதர் தம் உடன்படிக்கையை எவ்வாறு வாசிக்கின்றனர் என்பதற்கு விளக்கத்தில் இடந்தருவதில்லை. யூதப் புத்தாண்டின் இரண்டாம் நாள் வழிபாட்டில் எரேமியாவின் இதே 31ஆம் அதிகாரத்தின் முற்பகுதி வாசிக்கப்படுகிறது. பிள்ளைகளுக்காக அழும் ராகேலுக்கு அவர்கள் திரும்பி வருவர் என்னும் ஆறுதலும், எப்ராயிமை அருமை மகனென நினைந்துருகும் கடவுளின் இரக்கமும் அங்கு ஒலிக்கின்றன. புதிய உடன்படிக்கையின் நான்கு வசனங்களை மட்டும் அறிந்த கிறித்தவ வாசகர், அதே அதிகாரம் ஒரு மக்களின் வாயில் ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதை அறிவதில்லை. ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா முதல் தொடரும் ரபிகளின் மரபு, சீனாய் உடன்படிக்கை ஓயாது விளக்கம் பெற்றுவருவதற்குச் சான்று.

தமிழ் வாசகர்க்கு இதில் ஒரு சொற்சிக்கலும் உண்டு. விவிலியத்தின் உள்ளே 'உடன்படிக்கை' எனப்படுவது நூற்பகுதியின் தலைப்பில் 'ஏற்பாடு' ஆகிறது; இன்றைய வழக்கில் ஏற்பாடு என்பது மாற்றிக்கொள்ளத்தக்க ஒழுங்குமுறையையே நினைவூட்டும். 'பழைய' என்னும் அடையும் கழிந்துபோனதையே முதலில் குறிக்கும். 'தொல்' என்னும் அடைக்குரிய மதிப்பு அதற்கில்லை. பழையது கழிக்கத்தக்கது என்னும் முடிவைத் தலைப்பே வாசகர் மனத்தில் முன்கூட்டி விதைக்கக்கூடும்.

முடிவுரை

எரேமியா 31:31–34 தனித்து எடுக்கப்படும்போது பதிலீட்டிற்குச் சான்றாகத் தோன்றுகிறது. 37ஆம் வசனம் வரை வாசிக்கப்படும்போது அதை மறுக்கிறது. எபிரேயர் திருமுகத்தின் வழிபாட்டு வாதத்தை ஓர் இனத்தின்மீதான தீர்ப்பாக மாற்றியது பிற்கால வாசிப்பே. அண்மைக்கால ஆவணங்கள் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றுள்ளன. யூதரைச் சான்றாகவோ அறிகுறியாகவோ கொள்ளாது, அதே நூலின் சக வாசகராக ஏற்பது அடுத்து நிகழவேண்டியது. எரேமியாவின் அதிகாரத்தை முழுமையாகவும், அதனை இன்றும் ஓதும் மக்களின் விளக்கத்தோடும் கற்பிப்பது அதற்கான தொடக்கமாகும்.