தொலைவில் திரும்பிய செவி

படைப்பெழுத்தைப் பயில அயல்நாடு செல்லும் மாணவர், பாரிஸில் வாழ்ந்த ஆப்பிரிக்க அமெரிக்க எழுத்தாளர்களைப் படிக்கும்போது, அவர்கள் அமர்ந்து எழுதிய காப்பிக் கடைகளைத் தேடிப் போவது வழக்கம். அது தீங்கற்ற யாத்திரைதான் எனினும், எழுத்துக் கலை கைகூடிய இடம் பெரும்பாலும் வேறாகவே இருந்தது.

1948-இல் ஏறத்தாழ 40 டாலருடன் பாரிஸ் வந்த ஜேம்ஸ் பால்ட்வின், பல ஆண்டுகளாகத் தீராதிருந்த தம் முதல் நாவலான 'கோ டெல் இட் ஆன் தி மவுண்டன்' படைப்பை, 1951-52 குளிர்காலத்தில் லாய்க்கர்பாத் என்னும் சுவிஸ் மலைக்கிராமத்தில், ஒரு தட்டச்சுப் பொறியும் பெஸ்ஸி ஸ்மித்தின் ப்ளூஸ் இசைத்தட்டுகளும் துணையிருக்க எழுதி முடித்தார். கறுப்பின மக்களின் வேலைப்பாட்டுகளிலும் துயரத்திலும் வேர்கொண்ட அவ்விசையை அமெரிக்காவில் இருந்தவரை கூச்சத்தால் விலக்கி வைத்திருந்த அவர், கறுப்பு மனிதரையே பார்த்திராத ஊரில் அதைக் கேட்டுத்தான் சிறுவயதில் தாம் பேசிய பேச்சின் ஏற்ற இறக்கத்தை மீட்டுக்கொண்டார். ஹார்லெமில் பதின்வயதிலேயே பெந்தெகொஸ்தே சபையில் பிரசங்கம் செய்தவரல்லவா? நாவலின் நிகழ்காலம் ஒரு சிறுவனின் பதினான்காம் பிறந்தநாளும் அன்றிரவும் மட்டுமே. ஆனால் சபையில் முழந்தாளிட்டு நிற்கும் பெரியவர்கள் மூவரின் ஜெபத்துக்குள்ளேயே அவர்களுடைய கடந்தகாலம் விரிகிறது. பின்னோக்கு, அதாவது கதையை நிறுத்தி முன்நிகழ்ந்ததைச் சொல்லும் உத்தி, இங்கே ஆசிரியரின் குறுக்கீடாகத் தோன்றாமல் பாத்திரத்தின் மன்றாட்டாகவே ஒலிப்பது இந்நாவலின் உச்ச நயம்.

செஸ்டர் ஹைம்ஸின் வழி வேறு. பிரெஞ்சுப் பதிப்பாசிரியர் மார்செல் துஹாமெல் துப்பறியும் கதை கேட்டதற்கிணங்க, செயலில் தொடங்கிக் காட்சி காட்சியாக நகரும் நடையைப் பழகிக்கொண்ட அவர், பிரான்சிலிருந்தபடியே சிரிப்பும் வன்முறையும் பின்னிய ஹார்லெம் ஒன்றைப் படைத்தார். அது வரைபடத்துக்கு ஒத்துவராவிட்டாலும் பேச்சில் பிசகாதது. 1958-இல் பிரெஞ்சுத் துப்பறியும் இலக்கியப் பெரும்பரிசும் அவருக்குக் கிடைத்தது. ரிச்சர்ட் ரைட் பாரிஸில் வாழ்ந்த காலத்தில் எழுதிய 'தி அவுட்சைடர்' நாவலிலோ தத்துவ விவாதம் உரையாடலை நசுக்கிவிடுகிறது.

தொலைவு தாய்மண்ணை மட்டுமே காட்டும் என்றும் கொள்வதற்கில்லை: வில்லியம் கார்ட்னர் ஸ்மித், 1963-இல் வெளியான 'தி ஸ்டோன் ஃபேஸ்' நாவலில், தம்மை வரவேற்ற அதே பாரிஸ் அல்ஜீரியர்களை நடத்திய விதத்தையும், 1961 அக்டோபர் 17 அன்று காவல்துறை அவர்களைக் கொன்றதையும், அந்நகரில் அதைப் பேசத் துணிந்தோர் மிகச் சிலராயிருந்த காலத்திலேயே எழுதினார்.