பரி பிறவா நாடோ? மார்க்கோ போலோவின் கூற்றும் நெடுந்தீவின் சான்றும்

ஒரு நாட்டின் இயல்பைப் பற்றிப் பிறநாட்டார் எழுதிவைத்த உரைகள் வரலாற்றுக்குப் பெருந்துணை புரிவன. எனினும், எழுதியவர் கண்டது எது, கேட்டது எது, கருதியது எது எனப் பகுத்துணராது அவற்றைக் கொள்ளுதல் சாலாது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டுக் கரையை அடைந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ குதிரைகளைக் குறித்துக் கூறியவை இத்தகைய ஆராய்ச்சிக்கு உரியன.

பாண்டிநாட்டிற் குதிரைகள் பிறப்பதில்லை. ஓர்மசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து வணிகர் அவற்றை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் கொணர்கின்றனர். ஆண்டு முடிவில் மிகச் சிலவே எஞ்சுகின்றன என்கிறார் அவர். அதற்குக் காரணமும் உரைக்கின்றார். குதிரை மருத்துவம் அறிந்தோர் அந்நாட்டில் இல்லை. வணிகர் அத்தகையோரை உடன் கொணர்வதுமில்லை. குதிரைகள் மடிய மடிய அவர்தம் விற்பனை பெருகும் அன்றோ! சோறும் இறைச்சியும் சமைத்துக் குதிரைக்கு ஊட்டும் வழக்கத்தையும் அவர் குறிக்கின்றார். இவ்வளவும் கூறியவர், உயர்ந்த பொலிகுதிரையை உயர்ந்த பெட்டையோடு சேர்ப்பினும் கால் கோணிய, ஏறுதற்கு உதவாத குட்டியே பிறக்கும் என்றும் உரைக்கின்றார்.

இவ்விரு கூற்றுக்களும் ஒன்றோடொன்று பொருந்துமாறில்லை. உணவும் மருத்துவமும் பிழைத்தமையால் வளர்ந்த குதிரையே மடியுமாயின், அதே கொட்டிலிற் பிறந்த குட்டி நலிவதற்கு மண்ணைப் பழித்தல் எங்ஙனம் பொருந்தும்? பராமரிப்பின் குறையை நிலத்தின் குறையாகக் கொண்டதே இங்கு நேர்ந்த வழு. குதிரை இங்கே பிறவாது என்னும் நம்பிக்கையால் ஊதியம் பெற்றோர் வணிகரே என்பதும் மறக்கற்பாலதன்று.

கடல் வழி வந்த குதிரையின் அருமைக்கு யாழ்ப்பாணத் தீவகமே சான்று தருகின்றது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டைக் கா. இந்திரபாலா 1963இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசி வணிகர் ஊராத்துறைக்கு வந்திறங்குதல் வேண்டும் என்பது அதன் ஆணை. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு கூறு பண்டாரத்துக்கும் மூன்று கூறு உடையவனுக்கும் உரியன. பிற சரக்குக் கொணரும் மரக்கலம் உடைந்தால் இருவர்க்கும் செம்பாதி. குதிரை வணிகனுக்கு இச்சலுகை வழங்கப்பட்டமை, 12ஆம் நூற்றாண்டிலேயே ஈழத்து மன்னரும் குதிரைக்குக் கடலை நோக்கியிருந்தமையைத் தெளிவாக்கும்.

இனி, அவ்வூராத்துறையாகிய ஊர்காவற்றுறைக்குத் தென்மேற்கே கடலிற் கிடக்கும் நெடுந்தீவை நோக்குக. சுண்ணக்கற்பாறையும் பனையும் புற்றரையும் கொண்ட இத்தீவிற் குதிரைகள் ஒல்லாந்தர் காலத்தில் வளர்க்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் ஆங்கில அதிகாரி அங்கே குதிரைப்பண்ணையை நடத்தினார். முருகைக்கல் இலாயத்தின் சிதைவுகள் இன்றும் உள. பண்ணை ஒழிந்தது, குதிரை ஒழியவில்லை. கொட்டிலும் கொள்ளும் மருத்துவனும் இன்றி, அவை தலைமுறை தலைமுறையாகத் திறந்த வெளியில் ஈன்று பெருகின. மார்க்கோ போலோ கண்ட நிலத்துக்கும் இத்தீவுக்கும் இடையில் உள்ளது குறுகிய கடலே. இம்மண்ணிற் பரி பிறவாது என்னும் பொதுவிதி இத்துடன் வீழ்கின்றது.

ஆயினும் அவர் கூற்று முற்றும் பொய் எனத் தள்ளுதலும் நேரிதன்று. நெடுந்தீவுக் குதிரை உருவிற் சிறியது. அரசர் விரும்பிய போர்ப்பரி அன்று. உயிர்வாழ்தல் வேறு, உயர்வளர்ச்சி வேறு. முன்னதற்குப் புல்லும் நீரும் போதும்; பின்னதற்குத் தேர்ந்த இணையும் நிறைந்த தீனியும் இடையறாத கவனமும் வேண்டும்.

பொலிகுதிரை ஒன்றே போதும் என எண்ணியோர் பட்ட பாட்டை வட இந்தியாவிற் காணலாம். கிழக்கிந்தியக் கும்பினி பீகாரிலுள்ள பூசாவிற் குதிரைப்பண்ணை அமைத்தது. ஊரார் வளர்த்த பெட்டைகளுக்கு அரசாங்கப் பொலிகுதிரைகள் அளிக்கப்பட்டன. பிறந்த குட்டிகளுட் படைக்கு ஏற்றவற்றை அரசே வாங்கியது. 1808இல் அதன் தலைமையை ஏற்ற மூர்கிராப்து சிறந்த பொலிகுதிரைகளை நாடிப் புகாரா வரை சென்று, 1825இல் திரும்பும் வழியில் இறந்தார். ஆற்றல் மிக்க அம்மனிதரின் முயற்சி போற்றற்குரியதே. எனினும் பொலிகுதிரை கொடுப்போன் ஒருவன், பெட்டையையும் குட்டியையும் ஊட்டுவோன் வேறொருவன். குட்டி தேறாதாயின் இழப்பு உழவனுடையதே. கொடை எனப்பட்டதன் சுமை யார் தலையில் இருந்தது என்பதை ஆராயாத வரலாறு அரைவரலாறேயாம்.

நெடுந்தீவுக்கும் இக்கருத்து ஒக்கும். ஒல்லாந்தர் குதிரை, நோலன் பண்ணை என ஆண்டோர் பெயரே பேசப்படுகின்றது. அக்கல்லைச் சுமந்தோரும், உவர்நீர் மிகுந்த தீவில் நன்னீர் இறைத்தோரும், தம் மாடுகளுக்குரிய மேய்ச்சலைப் பகிர்ந்தோரும் தீவு மக்களே. 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் வரட்சிக் காலத்தில் நீரின்றிக் குதிரைகள் வருந்துதல் தொடரும் துயரமே. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் வெனிசு நாட்டார் சுட்டிய குறை மண்ணினது அன்று, பேணுதலினது என நாம் நிறுவுதல் எளிது. அதனைச் செயலால் நிறுவவேண்டிய கடன் இன்னும் நிலுவையில் நிற்கின்றது.