நாகேஷ்: நகையும் இளிவரலும்

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார். அழுகையை இரண்டாவதாகவும் இளிவரலை மூன்றாவதாகவும் வைத்தார். பிறரை எள்ளுவதாலும், இளமையாலும், பேதைமையாலும், மடமையாலும் நகை பிறக்கும் என்றார். இளிவரல் என்பது தன்னைத் தாழ்வாக எண்ணி உள்ளம் கூசுதல். வருத்தம், நோய், முதுமை, மென்மை ஆகிய நான்கும் அதன் பிறப்பிடங்கள். மென்மை என்பதற்கு வறுமை என்று உரை கண்டவர்களும் உண்டு. இலக்கணம் இவ்வாறு இரண்டு தனி அறைகளில் வைத்த நகையையும் இளிவரலையும் ஓர் உடம்பிலேயே ஒருங்கு குடியேற்றிய கலைஞர் நாகேஷ் என்பது என் துணிபு. அதனை இயன்ற அளவு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1933 செப்டம்பர் 27-ஆம் நாள் பிறந்த நாகேஷ், தாராபுரத்தில் கன்னடம் பேசும் குடும்பத்தில் வளர்ந்தவர். அம்மை நோய் அவர் முகத்தில் நிலையான தழும்புகளை விட்டுச் சென்றது. சென்னையில் ரயில்வே எழுத்தராகப் பணியாற்றிக்கொண்டே அமெச்சூர் நாடக மேடை ஏறினார். 1959-இல் 'தாமரைக்குளம்' வாயிலாகத் திரைக்கு வந்தவர், 2008-இல் வெளியான 'தசாவதாரம்' வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் திரையில் நிலைத்தார். 2009 ஜனவரி 31-ஆம் நாள் மறைந்தார். அவருக்குத் தக்க பாத்திரங்களைப் படைத்துத் தந்த கே. பாலசந்தரும் ஏ.ஜி. அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவரே. தமிழ்த் திரையின் நகைச்சுவையை மாற்றியமைத்த இவ்விருவரும் கோப்புகளுக்கிடையே தோன்றியவர்கள் என்பதில், மத்திய அரசின் எழுத்தர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் எனக்குச் சிறிது பெருமை உண்டு.

இதனைப் பெருமைக்காக மட்டும் குறிப்பிடவில்லை. நாகேஷின் உடல்மொழியைக் கூர்ந்து நோக்குங்கள். முன்னே வளைந்த கழுத்து. முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடும் வாக்கியம். 'போ' என்று சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்தில் விரையும் பேச்சு. மேலதிகாரியின் மேசை முன்னே கோப்புடன் நிற்பவனின் உடம்பு அது. அவரை அமெரிக்க நடிகர் ஜெர்ரி லூயிஸுடன் ஒப்பிடுவது வழக்கம். கைகால்களின் வேகத்தை மட்டும் கண்டவர்கள் செய்த ஒப்பீடு அது. அந்த வேகத்திற்குக் காரணமான அச்சம் நம் மண்ணுக்குரியது.

இனி இளிவரலின் பிறப்பிடங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது வறுமை. ஏ. பி. நாகராசனின் 'திருவிளையாடல்' (1965) தந்த தருமியை அறியாத தமிழர் இலர். பாண்டியன் அறிவித்த ஆயிரம் பொற்காசுகளை எண்ணிக் கோயிலில் தனியே புலம்புகிறான் அந்தப் புலவன். இறைவனே பாட்டெழுதித் தர முன்வந்தபோதும் அவனுக்கு நம்பிக்கை பிறப்பதில்லை. ஏமாந்து ஏமாந்து பழகியவனுக்கு அருளும் ஐயத்திற்குரியதே. அவையில் நக்கீரர் குற்றம் காணும் கட்டம் இன்னும் நுட்பமானது. பாட்டின் மானத்தைப் பற்றியோ தன் மானத்தைப் பற்றியோ தருமி கவலைப்படவில்லை. பிழைக்கு ஏற்றவாறு பரிசைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தையாவது தரலாகாதா என்று பேரம் பேசுகிறான். அரங்கம் அதிரச் சிரித்தோம். ஆயினும் அந்தச் சிரிப்பின் அடியில் இருப்பது பசித்தவனின் கணக்கு.

இரண்டாவது நோய். அதே 1965-இல் பாலசந்தர் முதன்முதலாக இயக்கிய 'நீர்க்குமிழி'யில் நாகேஷ் மருத்துவமனையில் கிடக்கும் புற்றுநோயாளி. குறும்பு செய்வதும் கேலி பேசுவதுமே அவனது பொழுது. அவனுக்கு வந்திருப்பது இன்ன நோய் என்பதை நாம் அறிந்த பின்னர் அதே கேலிகள் வேறு பொருள் பெறுகின்றன. அழகிய முகமும் நெடிய உருவமும் கதைத் தலைவனுக்கு இலக்கணமாக இருந்த நாளில், தழும்பேறிய முகமும் மெலிந்த உடலும் கொண்ட ஒருவர் முழுப்படத்தையும் தாங்கினார்.

மூன்றாவது வருத்தம். 'எதிர் நீச்சல்' (1968) படத்து மாது, பல குடித்தனங்கள் வாழும் வீட்டில் மாடிப்படியின் கீழ் ஒண்டியிருக்கும் அநாதை. எல்லார் வீட்டு ஏவலையும் செய்து, அவர்கள் தரும் சோற்றை உண்டு, கல்லூரியிலும் படிக்கிறான். சிறு வயதில், ஒரு பொங்கல் விடுமுறையில், தில்லியிலிருந்த எங்கள் அரசுக் குடியிருப்பில் வாடகை வீடியோ வைத்து இப்படத்தைப் பார்த்தோம். அண்டை வீட்டுத் தமிழர் அனைவரும் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருக்க, என் தந்தையார் மட்டும் சிரிக்கவில்லை. வேலை தேடி இந்நகருக்கு வந்த புதிதில் உறவினர் வீட்டு வராந்தாவில் படுத்து, பால் வாங்கவும் ரேஷன் வரிசையில் நிற்கவும் ஏவப்பட்டவர் அவர். படம் முடிந்ததும், "இவனை எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். திறனாய்வு நூல்கள் பலவற்றைப் பின்னாளில் படித்தேன். நாகேஷைப் பற்றி இதனினும் சிறந்த திறனாய்வை நான் கண்டதில்லை.

நான்காவது முதுமை. 'நம்மவர்' (1994) படத்தில் மகளைப் பறிகொடுத்த தந்தையாக வந்து, சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். மகளை இழந்தவன் கதறி அழுவான் என நாம் எதிர்பார்க்கும் இடத்தில், புத்தி தடுமாறியவன்போல் பேசத் தொடங்குகிறார். நகைப்பூட்டிய அதே குரலும் அதே வேகமும் அங்கும் உள்ளன. கருவி ஒன்றே, அதுவரை நகை என நாம் கேட்டது இப்போது அழுகையாக ஒலிக்கிறது. அதே ஆண்டு வந்த 'மகளிர் மட்டும்' படத்திலோ பிணமாக நடித்தார்! ஓடியும் துள்ளியும் சிரிக்க வைத்தவர், அசையாமல் கிடந்தே சிரிக்க வைத்தார்.

இவர் நடிப்பு முழுவதையும் இச்சட்டத்தினுள் அடைத்துவிட முடியுமா? முடியாது. 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்துச் செல்லப்பா செல்வர் வீட்டுப் பிள்ளை. டி. எஸ். பாலையாவை அமர்த்தி வைத்து அவர் கதை சொல்லும் காட்சி பேதைமையில் பிறந்த தூய நகை. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) வைத்தியோ பிறர் மானத்தை விலைபேசும் தரகன். அங்கே நம் நகைப்போடு வெறுப்பும் கலக்கிறது. இவற்றிலும் அவர் வென்றார். குறையும் சொல்லியாக வேண்டும். கதையோடு ஒட்டாத தனி நகைச்சுவைப் பகுதிகளில், இடைவிடாது வந்த படங்கள் பலவற்றில், கீச்சுக் குரலையும் கைகால் உதறலையும் மட்டுமே அவரிடம் கேட்டு வாங்கினார்கள். அவரும் கொடுத்தார். அவை இன்று மறக்கப்பட்டதில் நட்டமில்லை.

ஆயினும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். அவருக்குப் பின் வந்த திரை நகைச்சுவையில் ஒருவரின் நிறத்தையும், உடலையும், ஏழ்மையையும் மற்றொருவர் இகழ்ந்து சிரிக்க வைப்பது மிகுந்தது. அது எள்ளலில் பிறந்த நகை. அங்கே நாம் இகழ்பவன் பக்கம் நிற்கிறோம். நாகேஷோ தாழ்ந்தவனாகத் தானே நின்று நம்மைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் ஓட்டல் பணியாள் தட்டும் தம்ளரும் சுமந்து தடுமாறும்போது, 'விழட்டும்' என்று எவரும் நினைப்பதில்லை. 'விழாமல் இருக்க வேண்டுமே' என்று பதைக்கிறோம். சிரித்துக்கொண்டே பதைக்கும் அந்த நெஞ்சமே அவர் நமக்குத் தந்த கொடை.

இந்தக் கொடை நம் பிள்ளைகளுக்குச் சேர்கிறதா என்பதே என் கவலை. இங்கேயே பிறந்து, இந்தியும் ஆங்கிலமும் சரளமாகப் பேசி, தமிழை வீட்டு மொழியாக மட்டும் அறிந்த அவர்களும் தருமியை அறிவார்கள். ஆனால் கைப்பேசியில் மூன்று நிமிடத் துணுக்காகவே அறிவார்கள். துணுக்கில் நகை மட்டும் தங்குகிறது, இளிவரல் உதிர்ந்துவிடுகிறது. பொற்காசுக்குத் துடித்தவனின் வறுமை போய், வேடிக்கையாகக் கத்தும் ஒருவன் மட்டுமே எஞ்சுகிறான். மாடிப்படியின் கீழ் உறங்குபவனை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவனோடு இருந்து பார்த்தால்தான் அறிய முடியும்.

ஆதலின் நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழாவில் பட்டிமன்றமும் பாட்டுக் கச்சேரியும் நடக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மன்றத்தில் 'எதிர் நீச்சல்' படத்தை முழுமையாகத் திரையிடுங்கள். பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்துங்கள். பெரியவர்களில் யாரேனும் ஒருவர் சிரிக்காமல் அமர்ந்திருப்பார். படம் முடிந்ததும் அவரருகே சென்று ஏன் என்று கேட்குமாறு பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.