பாடிப் போகிறவனை வளர்ப்பது யார்?

தை பிறந்தால் காடாம்புலியூரிலிருந்து பண்ருட்டிப் பக்கம் போனாலும், வடலூர், நெய்வேலிப் பக்கம் போனாலும் மின்னொளி கபடிப் போட்டிக்கான பேனர்கள் கண்ணில் படாமல் போகாது. முந்திரித் தோப்பை ஒட்டி, செம்மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துச் சமன்படுத்திய களங்கள். நம் பக்கத்து இளைஞர்களுக்கு அணி சேர்ப்பது ஒரு மாலை நேரத்து வேலை. பிடி போட இரண்டு கார்னரும் இரண்டு கவரும் தெருவிலேயே கிடைத்துவிடுவார்கள். பாடிப் போகும் ரைடர் யார் என்ற கேள்வி வந்ததும்தான் கைபேசியை எடுத்து வெளியூருக்குப் பேசத் தொடங்குவார்கள். யாரை இறக்கலாம், எவ்வளவு கேட்பார், வண்டிச் செலவு யார் பொறுப்பு என்று பேச்சு நள்ளிரவு வரை நீளும். கபடியின் பெருமையை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் இந்த ஒரு குறையைப் பற்றி எழுத விரும்புகிறேன். ரைடராகும் தகுதியுள்ள பையன்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். அவர்களை ரைடராக ஆக்கிவிடும் பொறுமைதான் ஊரிலும் இல்லை, கல்லூரியிலும் இல்லை, கோடிகள் புழங்கும் புரோ கபடி லீக்கிலும் இல்லை.

ரைடர் செய்கிற வேலை மற்ற ஆறு பேரின் வேலையைப் போன்றதல்ல. ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதில் பாதியில் ஏழு பேர் காத்திருக்க, ஒருவன் தனியாகப் போகிறான். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு. யாரையும் தொடாவிட்டால் அதைத் தாண்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அதற்கும் ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடு. கையில் இருப்பது 30 விநாடி, ஒரே மூச்சு. மூலையை நோக்கிச் சாய்ந்து போகிற நல்ல ரைடரின் கண்ணைக் கவனியுங்கள். அது கார்னரின் முகத்தில் இருக்காது, குதிகாலில் இருக்கும். குதிகால் மண்ணை விட்டு எழும்பினால் கணுக்கால் பிடி வரப்போகிறது. அதே நொடியில் ஓரக்கண்ணால் கவரின் தோளையும் பார்த்தாக வேண்டும், தோள் தாழ்ந்தால் மோதி வெளியே தள்ளும் டேஷ் வரும். கார்னர் முன்னேறி வந்தால் கையால் தொட்டுவிட்டு ஓடலாம். பின்வாங்கி நின்றால், களத்தில் ஆறு பேருக்குக் குறையாமல் இருக்கும் பட்சத்தில், ஒரு காலைப் போனஸ் கோட்டைத் தாண்டி வைத்து மறு காலைத் தூக்கிக்கொள்ளலாம். இரண்டும் வாய்க்காவிட்டால் சும்மா திரும்பி வர வேண்டும். அப்படித் திரும்பி வரத் தெரிவதுதான் கடைசியாகக் கைவரும் பாடம். புரோ கபடியில் அடுத்தடுத்து இரண்டு ரைடு வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் அவுட். எந்த ரைடை வெறுமையாக விடுவது, எதில் துணிவது என்ற கணக்கு முழுவதும் ஒரே மண்டைக்குள் நடக்கிறது.

பழைய சடுகுடுவில் இந்தக் கணக்கு ஆட்ட முறைக்கு ஆட்ட முறை வேறுபட்டது. அமர் முறையில் தொடப்பட்டவன் வெளியே போகாமல் ஆடிக்கொண்டே இருப்பான், புள்ளி மட்டும் ஏறும். காமினி முறையில் வெளியே போனவன் தன் அணி முழுவதும் அவுட் ஆகும் வரை திரும்ப முடியாது. சஞ்சீவனி முறையில் ஒருவன் அவுட்டானால் எதிரணியில் வெளியே இருக்கும் ஒருவன் உயிர் பெற்று உள்ளே வருவான். இன்று உலகம் ஆடும் கபடிக்கு அடித்தளம் சஞ்சீவனிதான். ஒரு நல்ல ரைடு எதிரியைக் குறைத்து, தன் ஆட்களையும் எழுப்பித் தருகிறது என்பதால் இந்த முறையில் ரைடரின் மதிப்பு இரட்டிப்பாயிற்று. அவன் இல்லாத அணி, பிடியில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், மெல்ல மெல்லக் கரைந்துபோகும்.

தமிழ்நாட்டில் கபடி ஊருக்கு ஊர் ஒரு பாணி. தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்து ஆட்டத்தில் பிடிக்குத்தான் முதல் மரியாதை என்பது என் கணிப்பு. தஞ்சை மண்ணிலிருந்து வந்த சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டியும் கார்னரில் நின்று இளைய ரைடர்களை மடக்கியதை லீக் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதே பக்கத்து வடுவூர் ஊரே ஒரு கபடிப் பள்ளிக்கூடம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற அபினேஷ் அந்த ஊர்க்காரர். அதே போட்டியில் பெண்கள் அணியில் தங்கம் வென்ற கார்த்திகா சென்னை கண்ணகி நகரில் வளர்ந்தவர். வசதியற்ற ஒரு குடியிருப்பிலிருந்து இப்படி ஒரு ஆட்டக்காரி வர முடியும் என்றால், நம் பக்கத்துக் களங்களிலிருந்தும் வர முடியும். தெற்கே தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் துணிச்சல் ஆட்டம். அந்தப் பக்கத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று, அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார். அவருக்கு முன்பே இன்னொரு தமிழ்நாட்டு ஆட்டக்காரரான ராஜரத்தினம் அந்த விருதைப் பெற்றுவிட்டார். கே.பாஸ்கரன் ஆடியும் பயிற்றுவித்தும் பேர் வாங்கியவர்; 2014இல் முதல் புரோ கபடிக் கோப்பையை வென்ற ஜெய்ப்பூர் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர்.

இத்தனை பெருமையும் இருக்க, 2017இல் புரோ கபடியில் தமிழ்நாட்டின் அணியாகத் தமிழ் தலைவாஸ் பிறந்தபோது பாடிப் போவதற்கு முதல் ஆளாக ஹிமாசலத்தின் அஜய் தாக்கூரைத்தான் தேட வேண்டியிருந்தது. அவர் குறை வைக்கவில்லை, தனி ஒருவராக அணியைத் தூக்கிச் சுமந்தார். ஆனாலும் முதல் இரண்டு பருவங்களிலும் தன் பிரிவில் கடைசி இடம், 2019இல் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாம் இடம். அந்த 2019ஐத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அஜய் தாக்கூரோடு ராகுல் சவுத்ரியும் அணியில் இருந்தார். இரண்டு பெரிய பெயர்களுக்குப் பின்னால் வி.அஜித்குமார் என்ற தமிழ்நாட்டு இளைஞர் இருந்தார். அவரைத் தக்கவைத்து வளர்க்கவில்லை. அவர் யு மும்பாவுக்குப் போய் முக்கிய ரைடர்களில் ஒருவரானார், பிறகு 2022இல் கோப்பை வென்ற ஜெய்ப்பூர் அணியில் ஆடினார். பிரபஞ்சனின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். தலைவாஸின் முதல் அணியில் இருந்தவர், 2019இல் பெங்கால் வாரியர்ஸ் கோப்பை தூக்கியபோது அந்த அணியில் இருந்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் அடுத்தவர் வீட்டில் ஆளானார்கள்.

2022இல் இந்தப் பாடம் வேறு விதமாக வந்தது. ரைடர் பவன் ஷெராவத்தைத் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது, அதுவரை லீக்கில் யாருக்கும் கொடுக்காத விலை. முதல் ஆட்டம் குஜராத்துடன். எதிரணியின் தலைவர் சந்திரன் ரஞ்சித், அவரும் தமிழ்நாட்டு ரைடர்தான். அந்த ஆட்டத்திலேயே பவனின் முழங்கால் போயிற்று. பருவம் முழுக்க அவர் வரவில்லை. வேறு வழியில்லாமல் நரேந்தர் என்ற புதிய இளைஞரைப் பாடிப் போகச் சொன்னார்கள். அவர் 200க்கும் மேற்பட்ட ரைடுப் புள்ளிகள் எடுத்தார், தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. கோடி கொடுத்தவர் விழுந்ததால்தான் இளைஞனுக்கு ஆட்டம் கிடைத்தது. விழாமல் இருந்திருந்தால் நரேந்தர் அந்தப் பருவத்தை எங்கே உட்கார்ந்து கழித்திருப்பார்? அதன் பிறகாவது அணி இதை உணர்ந்ததா என்றால், 2024இல் சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம், 2025இல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல். இவர்கள் திறமையில் எனக்கு ஐயமே இல்லை. என் கவலை, அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பையன்களைப் பற்றியது.

கல்லூரிகளைப் பற்றிச் சொல்லும்போது மனம் கனக்கிறது, ஏனென்றால் ரைடர் முதிர வேண்டிய வயது அங்கேதான் கழிகிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், கட்டணச் சலுகை, விடுதி, சாப்பாடு. இவ்வளவும் கொடுப்பது பெரிய உதவி, எத்தனையோ ஏழைக் குடும்பத்துப் பையன் பட்டம் பெற்றது இதனால்தான். ஆனால் தேர்வு செய்யும் விதத்தைப் பாருங்கள். ஒரே இரவு ஆட்டத்தில் பதினைந்து புள்ளி எடுத்தவனைப் பிடித்துப் போடுகிறார்கள். அவன் எதிர்த்து ஆடிய கார்னர் யார், அவன் ஒரு பக்கம் மட்டும்தான் போகிறானா, மூச்சு நிற்கிறதா என்று கேட்பவர் குறைவு. முதலாண்டிலேயே கோப்பை வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆண்டு வேறொருவன். பழையவன் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார்ந்து மூன்றாண்டைக் கழித்துவிட்டு, வேலைக்கு மனுப் போடத் தொடங்குகிறான்.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து என்பது பெரும் திருவிழா. அவர்கள் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன் குவாட்டர்பேக். அவனைப் பள்ளியிலேயே மோப்பம் பிடித்து அழைத்து வருவார்கள். ஓராண்டில் மின்னாவிட்டால் இன்னொருவனை அழைப்பார்கள். 2018 முதல் மாணவர்கள் கல்லூரி மாறுவதும் எளிதாகிவிட்டது, 2021 முதல் தங்கள் பெயரை வைத்துப் பணம் ஈட்டவும் வழி பிறந்தது. ஜோ பர்ரோ என்பவர் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் மாற்று ஆட்டக்காரராகவே இருந்துவிட்டு லூசியானாவுக்குப் போனார். அங்கேயும் முதல் பருவம் சுமார்தான். பொறுத்துக்கொண்டார்கள். 2019 பருவத்தில் கல்லூரிக் கால்பந்தின் மிக உயர்ந்த விருதான ஹைஸ்மனும் தேசியக் கோப்பையும் வந்தன. நம் நாட்டுக் கபடியில் எடுத்துக்காட்டு பர்தீப் நர்வால். 2015இல் பெங்களூரு அணியில் அதிகம் ஆடவே இல்லை. பாட்னா அவரை எடுத்து நம்பி இறக்கியது. அந்த அணி அடுத்தடுத்து மூன்று கோப்பைகளை வென்றது. 2017இல் ஒரே பருவத்தில் அவர் எடுத்த ரைடுப் புள்ளிகள் 369.

காத்திருப்பது நமக்குப் புதிதல்ல. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது பண்ருட்டி வட்டாரத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மறுபடி கன்று வைத்தோம், காய்ப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். அப்படிக் காத்திருக்கத் தெரிந்த மக்கள், பதினேழு வயதுப் பையன் இரண்டு ஆட்டத்தில் பிடிபட்டதும் “இவன் சரிப்பட மாட்டான்” என்று உட்கார வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ரைடர் வளராததற்கு இன்னொரு காரணம் நம் பயிற்சியிலேயே இருக்கிறது. பிடிப்பவன் தினமும் பழகலாம், யார் வந்தாலும் அவனுக்குப் பாடம்தான். ரைடருக்கோ நல்ல கார்னர் எதிரே நின்றால்தான் பாடம். சொந்த ஊர்ப் பையன்களை எதிர்த்தே பாடிப் பழகியவன், கணுக்கால் பிடியிலிருந்து காலை உருவுவது எப்படி என்று போட்டி நாளில்தான் கற்றுக்கொள்ள முயல்கிறான். அன்றைக்கு ஒரே இரவில் நான்கு ஆட்டம், காய்ந்து இறுகிய மண், பாதி ரைடு அவன் ஒருவனே. முழங்கால் தாங்குமா? இருபது வயதில் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்று பார்க்கும் முன்னாள் ரைடர் இல்லாத ஊர் நம் பக்கத்தில் குறைவு. மண்ணில் வளர்ந்தவன் மேட் விரிப்பில் ஏறும்போது வரும் தடுமாற்றம் தனி. ஷூ போட்டுத் திரும்பும் வேகம் வேறு, விழும் விதம் வேறு. அதை மாவட்ட அளவில் தேர்வான பிறகு கற்றுக்கொள்வது தாமதம்.

நல்ல ரைடர் என்று நான் யாரைச் சொல்வேன்? எடுத்த புள்ளியை மட்டும் பார்க்க மாட்டேன். தன் அணியில் இரண்டே பேர் மிச்சமிருக்கும்போது எப்படிப் போகிறான், எப்படித் திரும்புகிறான் என்று பார்ப்பேன். இரு பக்கமும் போகிறானா, போனஸை நம்பியே பிழைக்கிறானா என்று பார்ப்பேன். பிடிபட்ட பிறகு அடுத்த ரைடில் அவன் காலடி சுருங்குகிறதா என்பதைக் கட்டாயம் பார்ப்பேன். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் ஈரானிடம் இந்திய ஆண்கள் அணி 18–27 எனத் தோற்றது. 1990 முதல் ஒரு தங்கத்தையும் விடாத அணி அது. பெரிய பெயர் கொண்ட ரைடர்கள் இருந்தும், ஈரானின் பிடிக்கு முன் காலடிகள் சுருங்கியதை அன்று கண்டோம்.

போட்டி நடத்தும் நம் ஊர் மன்றங்களுக்கும், அணி வைத்திருக்கும் கல்லூரிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வெளியூரிலிருந்து இறக்கும் ஆட்களை அணிக்கு ஒருவர் என்று நிறுத்துங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் சில ரைடுகளையாவது பதினெட்டு வயதுக்குட்பட்ட சொந்த ஊர்ப் பையன் போக வேண்டும் என்று விதி வையுங்கள், அவன் பிடிபட்டாலும் திட்டாதீர்கள். ஓர் அணியை ஒரே இரவில் இரண்டு ஆட்டத்துக்கு மேல் ஆட விடாதீர்கள். பக்கத்து ஊர்க் கார்னர்களை வாரம் ஒருநாள் அழைத்து நம் ரைடரை எதிர்த்து நிற்கச் சொல்லுங்கள். கல்லூரியில் சேர்த்த பையனுக்கு இரண்டு முழுப் பருவம் கொடுங்கள். அடுத்த தைக்குள் இவற்றில் ஒன்றையேனும் தொடங்குங்கள்.