அடைக்கலமா, சிறையா? தூத்நாத் திவாரி வாக்குமூலமும் மொழிபெயர்ப்பும்

1858-இல் அந்தமான் தண்டனைக் குடியிருப்பிலிருந்து தப்பிய கைதி தூத்நாத் திவாரி, அம்புக் காயங்களோடு பழங்குடியினரிடம் உயிர்ப்பிச்சை வேண்டினார். இரு சாராருக்கும் பொதுமொழி இல்லை. அவர்கள் அவரைக் கொல்லாது உடன் வைத்துக்கொண்டனர், பெண்ணும் கொடுத்தனர். ஓராண்டுக்குப் பின், 1859 மே மாதத்தில், அவர்கள் அபர்தீனைத் தாக்கவிருப்பதைத் திவாரி ஆங்கிலேயருக்கு முன்னறிவித்தார். பின்னர் அரசின் மன்னிப்பைப் பெற்றார்.

இதனைத் தமிழில் தருவோர் தேரும் ஒரு சொல்லே தீர்ப்பாகிவிடுகிறது. ‘சிறைப்பட்டார்’ எனின் அவர் செயல் விசுவாசம். ‘அடைக்கலம் பெற்றார்’ எனின் துரோகம். மணவுறவும் ஓராண்டு உடனுறைவும் சிறை என்னும் சொல்லுக்குப் பொருந்தா. ஆயின் அடைக்கலம் என்பது கொடுப்போர், பெறுவோர் இருவரும் உணர்ந்த கடப்பாட்டைக் குறிப்பது. அக்கடப்பாட்டிற்குச் சான்று யாண்டுளது?

நமக்குக் கிடைப்பது கண்காணிப்பாளர் வாக்கர் காலத்து ஆங்கிலப் பதிவு. 1899-இல் போர்ட்மன் தம் நூலில் எடுத்தாண்டது. மன்னிப்பை நாடிய ஒருவரின் கூற்று, மன்னிக்கும் அதிகாரமுடையோர் மொழியில் அமைந்தது. உயிரளித்தோர் அச்செயலை எச்சொல்லால் சுட்டினர் என்பது அதில் இல்லை. ‘ஜாரவா’ என்னும் பெயரும் ‘அயலார்’ எனப் பொருள்படும் அண்டை மொழிச் சொல்லே. அம்மக்கள் தம்மை ‘அங்’ என்பர். 2010-இல் போவா மூதாட்டியின் மறைவோடு போ மொழியும் அற்றது. கேட்டறிய வேண்டிய மொழிகள் ஒவ்வொன்றாய் மறைகின்றன.

எனவே, பெயர்ச்சொல்லால் தீர்ப்பளிப்பதை விடுத்து, ‘கொல்லாது விட்டனர், உடன் வைத்துக்கொண்டனர்’ என வினையால் உரைப்பதே நேர்மையான மொழிபெயர்ப்பு எனலாம். பதிவில் இல்லாத குரலுக்கு மொழிபெயர்ப்பாளர் சொல் புனைதல் தகாது.