அரண் என்னும் உருவகமும் உலாவிகளின் நினைவகப் பிழைகளும்: செஞ்சிக் கோட்டையை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

கணினிப் பாதுகாப்பைத் தமிழில் விளக்குவோர் பலரும் கோட்டை உருவகத்தைக் கையாளுகின்றனர். தீயரண் என்னும் கலைச்சொல்லிலும் அரண் என்னும் சொல் இடம்பெறுகிறது. பகை வெளியே நிற்கிறது, மதில் தடுக்கிறது, வாயிலைத் திறந்துவிடும் பயனரே குற்றவாளி என்பது இவ்வுருவகம் தரும் பொருள். இணைய உலாவிகளின் நினைவகச் சிதைவுக் குறைபாடுகளுக்கு இப்பொருள் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உருவகத்தின் குறை

உலாவிகளின் பெரும்பகுதி சி++ மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியில் நினைவகத்தைப் பெறுவதும் திருப்பித் தருவதும் நிரலாளரின் பொறுப்பாகும். ஒதுக்கிய இடத்தின் எல்லை கடந்து எழுதுதல், திருப்பித் தந்த இடத்தைப் பின்னரும் பயன்படுத்துதல் ஆகியன இதில் நேரும் முதன்மைப் பிழைகள். தாக்குபவர் அவ்விடத்தில் தம் தரவு அமையுமாறு செய்துவிட்டால் நிரலின் போக்கே அவர் வசமாகக்கூடும். குரோமியம் திட்டம் 2020இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, அதன் கடுமையான பாதுகாப்புக் குறைபாடுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகம் தொடர்பானவை. இவற்றுள் பலவற்றுக்குப் பயனர் ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும்.

2018 பிப்ரவரியில் தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்று ஐபோன் செயலிகளை முடக்கியது. அதனை நினைவகச் சிதைவு என அறிவித்த ஆப்பிள் நிறுவனம், ஐஓஎஸ் 11.2.6 பதிப்பில் திருத்தியது. அங்கே படித்தவர் செய்த தவறு யாதுமில்லை. எழுத்தை வரையும் நிரலே பிழைத்தது. வாயிற்காவலை மட்டும் பேசும் உருவகம், நிரல் ஆக்கியோரின் பொறுப்பைப் பயனர் மீது சுமத்துகிறது. ‘சிதைவு’ என்னும் சொல்லும் காலத்தால் நேரும் அழிவையே நினைவூட்டுகிறது. ‘நினைவகப் பிழை’ என்பதே காரணத்தைச் சுட்டும்.

செஞ்சி காட்டும் அரண்

எனினும் உருவகத்தையே கைவிட வேண்டியதில்லை. ஒற்றை மதிலாக அரணைக் கருதுவதே குறை. செஞ்சியில் இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய குன்றுகள் தனித்தனிக் கோட்டைகளாக நிற்க, மதில்கள் அவற்றை இணைக்கின்றன. இராசகிரியின் உச்சிக்குச் செல்லும் வழியில் ஆழ்ந்த பிளவொன்று குறுக்கிடுகிறது. அதனைப் பாலத்தின் வழியே கடக்க வேண்டும். வெளிமதில் வீழ்ந்தாலும் உச்சி காக்கப்படும் அமைப்பு இது. இன்றைய உலாவிகளும் பக்கங்களைக் கையாளும் பகுதியைத் தனியே பிரித்து, ‘மணற்பெட்டி’ என்னும் அடைப்புக்குள் இயக்குகின்றன. காக்கும் இடம் சிறிதாதல் வேண்டும் என 744ஆம் குறள் கூறும் அரணிலக்கணம் பாலத்துக்கும் அடைப்புக்கும் ஒருசேரப் பொருந்தும்.

ஆயினும் 1690இல் தொடங்கிய முகலாய முற்றுகையில், 1698இல் செஞ்சி வீழ்ந்தது. மணற்பெட்டியையும் மற்றொரு குறைபாட்டின் துணையால் கடக்க இயலும். எத்துணை மாண்புடைய அரணும் செயல்திறம் அற்றவரிடத்துப் பயனற்றது என்பது 750ஆம் குறளின் கருத்து. உலாவியில் அச்செயல்திறம் நிரலாக்கத்தில் வெளிப்பட வேண்டும். 2017இல் வெளிவந்த பயர்பாக்ஸ் 57, பக்கத்தின் தோற்றத்தைக் கணிக்கும் பகுதியை ரஸ்ட் மொழிக்கு மாற்றியது. இத்தகைய பிழைகளுள் பெரும்பாலானவற்றை நிரல் தொகுக்கப்படும்போதே தடுப்பது அம்மொழியின் இயல்பு.

முடிவுரை

உலாவியைப் புதுப்பித்தல் பயனரின் கடமை. பிழையற்ற நிரலைத் தருதல் ஆக்கியோரின் கடமை. இவ்விரண்டையும் வேறுபடுத்தாத உருவகம் பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்கும். தமிழ் அறிவியல் எழுத்து அரணைப் பேசும்போது, மதிலோடு நில்லாமல் உள்ளிருப்போரின் பொறுப்பையும் பேசுதல் வேண்டும்.